ஏ-11-க்கு ஒரு ஜோடி செருப்பு

"அவன் காலுக்கு வைத்தியம் பாக்கக் காசு இருக்கு, எங்க காசைக் குடுக்க மட்டும் இல்லையாக்கும்?"

பதினெட்டு வினாடி ஓடும் குரல் செய்தி. பின்னால் பஸ் ஹாரன் கேட்கும். அனுப்பியவர் என்னோடு பள்ளியில் படித்தவனின் அண்ணன். அரசு போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வந்த பணத்தில் ஐந்து லட்சத்தை அப்படியே கொண்டுபோய்ப் போட்டவர். நான் அதை நாலைந்து முறை கேட்டேன். பதில் தட்டச்சு செய்தேன், அழித்தேன். மறுபடி தட்டினேன், அதையும் அழித்தேன். கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கும்பிடைப் போல அசிங்கமான பதிலை நான் யாருக்கும் அனுப்பியதில்லை. இப்போது எழுதுவதும் அவருக்கான பதில் இல்லை. பதில் கிடைத்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது.

ஊர், சிறை, மருத்துவமனை, ஆள் எதற்கும் பெயர் போடவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், எட்டாம் வகுப்பிலிருந்து. இங்கேயும் அவன் மாப்ளதான். கோர்ட்டில் அவன் பெயர் ஏ-11, குற்றம் சாட்டப்பட்டவர்களில் பதினொன்றாவது ஆள். மாதம் இத்தனை வட்டி, தீபாவளிக்குத் தங்கக் காசு என்று ஆசை காட்டிய ஒரு நிதி நிறுவனத்துக்குக் கமிஷன் ஏஜென்டாக எங்கள் பகுதியில் வசூல் செய்தான். கம்பெனி கவிழ்ந்தது. மேலே இருந்தவர்களில் சிலரைப் பிடிக்க முடியவில்லை, கீழே இருந்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள், அதனால் அவர்கள் அகப்பட்டார்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவு, நிதி நிறுவனங்களில் பணம் போட்டவர்களைப் பாதுகாக்க வந்த டான்பிட் சட்டம். நம் ஊரில் சீட்டு, பைனான்ஸ் என்று பணத்தைப் பறிகொடுத்த குடும்பம் எதுவும் அந்தப் பெயரைக் கேள்விப்படாமல் இருக்காது. 1997-இல் வந்த சட்டம், பத்து வருடம் வரை தண்டனை உண்டு. ஜாமீன் கேட்டால் வசூலித்ததில் ஒரு பங்கைக் கோர்ட்டில் கட்டு என்று நிபந்தனை வரும். கட்ட அவனிடம் ஏது? கமிஷனில் வாங்கிய பைக்கையே ஜப்தி செய்துவிட்டார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. கம்பெனி வட்டி கொடுப்பதை நிறுத்திய பிறகும் மூன்று மாதம் அவன் வசூல் செய்தான். 'மேலிடத்தில் சரியாகிவிடும் என்றார்கள், நம்பினேன்' என்பது அவன் சொன்னது. நம்பினானா, நம்ப வேண்டியிருந்ததா என்று நான் துருவிக் கேட்டதில்லை. என்னிடமும் முன்பு ஒருமுறை ஐம்பதாயிரம் போடச் சொன்னான். வீட்டுக் கடன் தவணை இருக்கிறது என்று நழுவிவிட்டேன். புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை, கையில் பணம் இல்லை, அவ்வளவுதான். அந்த ஐம்பதாயிரம் அப்போது என்னிடம் இருந்திருந்தால் பிறகு அவன் காலுக்காக நான் அலைந்திருப்பேனா என்று தூக்கம் வராத ராத்திரிகளில் யோசிப்பதுண்டு.

அஞ்சு மணிச் சோறு

சிறையில் பார்க்கப் போவதை 'மனு' என்பார்கள். மனு போடுவது, மனு பார்ப்பது. ஆதார் நகல், டோக்கன், வரிசை, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கும் சோதனை எல்லாம் முடிந்து உள்ளே போனால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் நிற்பான். இன்டர்காம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். எட்டு முனைகளில் எட்டுக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும். அந்தத் தடுப்பில் ஆள் மார்புக்கு மேலேதான் தெரிவார். இதை முதலில் நான் கவனிக்கவே இல்லை. பிறகுதான் தலைவலியாயிற்று, ஏனென்றால் அவன் பிரச்சினை முழுக்கக் காலில் இருந்தது.

மாப்ளைக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. வெளியில் இருந்தபோதே காலை, மாலை இன்சுலின். உள்ளேயும் ஊசி போட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. சிறை மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றால் போட்டுவிடுவார்கள். ஆனால் சாயங்காலச் சோறு ஐந்து மணிக்கு முன்னாலேயே வந்துவிடும், ஆறு மணிக்கு லாக்கப். மறுநாள் காலை வரை வேறு சாப்பாடு கிடையாது. ராத்திரி பசிக்குமே என்று மாப்ள பாதிச் சோற்றை எடுத்து வைத்துக்கொள்வான். ஊசி நாலரைக்கே உள்ளே போயாயிற்று, சோறு பாதிதான் போயிருக்கிறது. ஏழு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறி விழுந்திருக்கிறான். பக்கத்தில் படுத்திருந்த பையன் ஒரு அடிதடி கேஸ்காரன். கேன்டீனில் வாங்கி வைத்திருந்த கடலை மிட்டாயை நொறுக்கி வாயில் போட்டிருக்கிறான். அப்படி இரண்டு முறை. அதற்குப் பிறகு மாப்ளைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பூட்டிய அறைக்குள் மயங்கி விழுவதைவிடச் சர்க்கரை ஏறினால் ஏறட்டும் என்று சாயங்கால ஊசிக்குப் போவதையே நிறுத்திவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. வரிசையில் ஒரு ஆள் குறைவதை எண்ணிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

அந்தச் சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறான். ரப்பர் செருப்பின் வார் அறுந்து நாலு நாள் ஆகியிருந்தது. சர்க்கரைக்காரன் காலில் உணர்ச்சி மங்கிப்போயிருக்கும், கொப்புளம் வந்ததே தெரியவில்லை. தெரிந்தபோது அது உடைந்து, பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் குழியாகியிருந்தது. 'சின்னப் புண்ணு மாப்ள, பவுடர் போட்டுருக்காங்க' என்றான் ரிசீவரில். அடுத்த வாரம் 'கொஞ்சம் நாத்தம் வருது' என்றான். காலைத் தூக்கிக் காட்டேன் என்றேன். பின்னால் நின்ற வார்டர் முறைத்தார். கடைசி வரை அந்தப் புண்ணை நான் கண்ணால் பார்க்கவில்லை. கேள்வி ஞானத்தில்தான் எல்லாம் செய்தேன்.

வெளி மருத்துவமனைக்கு ஒரு நாள் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் நன்றாகப் பார்த்திருக்கிறார். சுரண்டிச் சுத்தம் செய்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங்குக்கு வரச் சொல்லிச் சீட்டில் எழுதியும் கொடுத்திருக்கிறார். அடுத்த டிரெஸ்ஸிங் பதினோரு நாள் கழித்துத்தான் நடந்தது. சிறையிலிருந்து ஒரு கைதி வெளியே போக ஆயுதப்படையிலிருந்து வழிக்காவல் வர வேண்டும். கோயில் திருவிழா வந்தது, அப்புறம் ஒரு அமைச்சர் வந்தார். காவலர்கள் எல்லாம் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள். சிறைக்காரர்களைக் கேட்டால் நாங்கள் எழுதிக் கேட்டுவிட்டோம் என்றார்கள், காவல்துறையில் கேட்டால் ஆள் இல்லை என்றார்கள். இரண்டுமே உண்மை. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. புண் மட்டும் அதன் பாட்டுக்கு எலும்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

காவலில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1993-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. நல்ல உத்தரவு. ஆனால் செத்த பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. 2022-ஆம் ஆண்டுக்கான சிறைப் புள்ளிவிவர அறிக்கையைப் புரட்டினேன். அந்த ஒரு வருடத்தில் நாடு முழுக்கச் சிறைகளில் 1,995 இறப்புகள், அவற்றில் மிகப் பெரும்பாலானவை 'இயற்கை மரணம்'. நோயால் போனவர்கள் அதில்தான் வருவார்கள். பதினோரு நாள் தள்ளிப்போன டிரெஸ்ஸிங்கால் ஒருவன் ரத்தத்தில் விஷமேறிச் செத்தாலும் அது இயற்கைதான். அந்தத் தலைப்பைப் பார்த்த அன்றுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. அதுவரை கவலை மட்டும்தான்.

'அப்பாவி' என்று எழுதினேன்

பயந்தால் மனிதன் தனக்குத் தெரிந்ததைச் செய்வான். எனக்குத் தெரிந்தது பணம் வசூலிப்பது. பள்ளி வாட்ஸாப் குழுவில் யாருக்காவது விபத்து, டயாலிசிஸ் என்றால் நான்தான் கணக்கு வைத்துக்கொள்வேன். முதலில் இணையத்தில் நிதி திரட்டும் தளம் ஒன்றில் போடலாம் என்று பார்த்தேன். நோயாளியின் புகைப்படம், மருத்துவமனை தரும் செலவு மதிப்பீடு, சிகிச்சைச் சீட்டு எல்லாம் கேட்டார்கள். என்னிடம் ஒன்றுமில்லை. அவன் மருத்துவக் காகிதங்கள் சிறைக் கோப்பில் இருந்தன, கால் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. சரி, நாமே எழுதுவோம் என்று ஒரு இரவு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன்.

நன்றாகத்தான் எழுதியிருந்தேன், அதுதான் கோளாறு. 'எந்தத் தவறும் செய்யாத ஒரு அப்பாவி' என்று ஆரம்பித்தேன். நடுவில் ஸ்டான் சுவாமியைக் கொண்டுவந்தேன். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த அந்தப் பாதிரியாரை 2020 அக்டோபர் 8-ஆம் தேதி ராஞ்சியில் கைது செய்தார்கள். நடுக்குவாதத்தால் தம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கும் குவளையும் ஸ்ட்ராவும் கேட்டு நவம்பரில் கோர்ட்டுக்குப் போனார். பதில் சொல்ல, அவரைக் கைது செய்த தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) இருபது நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5, ஜாமீன் மனு விசாரணைக்கு இருந்த அன்று, மும்பையில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். வயது 84. அந்த ஸ்ட்ராவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், 'இன்னொரு ஸ்டான் சுவாமியை இழக்கப் போகிறோமா?' என்று கேட்டு முடித்திருந்தேன்.

முதல் நாளே நாற்பதாயிரம் வந்தது. துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்தது. ஊரிலிருந்து வரவில்லை. ஊரிலிருந்து வந்தது கண்டக்டர் அண்ணனின் குரல் செய்தி. அப்புறம் எங்கள் வகுப்பில் படித்து இப்போது ஆசிரியராக இருக்கும் ஒருவனின் போன். அவன் திட்டவில்லை, மெதுவாகத்தான் பேசினான். "அந்தப் பெரியவர் அடுத்தவன் நிலத்தைக் காப்பாத்த உள்ள போனாரு. இவன் அடுத்தவன் நகையை வித்து வாங்கிட்டு உள்ள போனான். ரெண்டையும் ஒரே வரியில எழுத உனக்குக் கை கூசலையா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. ஒப்பீடு தப்புதான். ஆனால் போனை வைத்த பிறகு ஒன்று உறுத்தியது. அந்த ஸ்ட்ரா விஷயத்தில் நாம் பதறியது அவர் நல்லவர் என்பதாலா, கை நடுங்கியது என்பதாலா? நடுங்கும் கைக்கு ஸ்ட்ரா வேண்டும். அதற்கு அந்தக் கை முன்பு என்ன செய்தது என்று பார்க்க வேண்டுமா? இதைத்தான் ஆசிரியனிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் போனை வைத்த பிறகுதான் வாய் வரும்.

அடுத்த மனுவில் மாப்ளையே கேட்டான். அவன் மனைவி சொல்லியிருக்கிறாள். "அப்பாவின்னு போட்டியாமே?"

"பின்ன என்னன்னு போடச் சொல்ற?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கத்து முனையில் ஒரு குழந்தை கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது. "ஏன் மாப்ள அப்படிப் போட்ட? படிக்கிறவன்ல பாதிப் பேரு எங்கிட்ட ஏமாந்தவன். அவனுக்குத் தெரியாதா? எனக்குப் புண்ணு இருக்குன்னு போடு. அது ஒண்ணுதான் பொய்யில்ல."

அன்றிரவே மாற்றி எழுதினேன். 'பணம் வாங்கி ஏமாற்றிய வழக்கில் விசாரணைக் கைதி. குற்றம் உண்டா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லும். காலில் ஆறாத புண். விரல் போகும் நிலை.' ஐந்து வரிதான். ஸ்டான் சுவாமி இல்லை, கேள்விக்குறி இல்லை. முதல் கடிதத்தைப் பார்த்துப் பணம் அனுப்பிய எல்லாருக்கும் இதையும் அனுப்பி, திருப்பி வேண்டுமென்றால் தருகிறேன் என்றேன். மூன்று பேர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கோபம் வந்தது, ஆனால் அவர்கள் பக்கம்தான் நியாயம். அப்பாவிக்கென்று கொடுத்தவர்கள் அவர்கள். வக்கீல் நண்பர் ஒருவர் எச்சரித்தார்: நிதி மோசடி வழக்குக்காரனுக்கு உன் சொந்தக் கணக்கில் நிதி திரட்டுகிறாய், நாளைக்கு விசாரணை அதிகாரி இது எந்தப் பணம் என்று கேட்பார், தனிக் கணக்கு திற, ரொக்கமாக ஒரு ரூபாய் வாங்காதே, செலவை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதி வை. அவர் சொன்னபடியே செய்தேன். இரண்டாவது கடிதத்துக்குப் பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. புண்ணை நம்பிக் கொடுப்பவர்கள் குறைவு.

இட்லிக்கடை

ஊரிலிருந்து வந்த முதல் பணம் ரொக்கமாகத்தான் வந்தது. வக்கீல் பேச்சை அன்று மட்டும் மீறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லிக்கடை போட்டிருக்கும் பெரியம்மாவை இரண்டு மாதமாகத் தவிர்த்துக்கொண்டிருந்தேன். மூன்று லட்சத்து இருபதாயிரம் அவர் பணம். மகளுக்குச் சேர்த்த நகையை விற்றுப் பாதி, தினமும் கடையில் பிடித்தது மீதி. மாப்ள சாயங்காலம் சாயங்காலம் வந்து வாங்கிப் போவான், இரண்டு இட்லியும் தின்றுவிட்டுப் போவான். வேறு வழியாகச் சுற்றிப் போவதே எனக்குப் பழகிவிட்டிருந்தது. அன்று மழை, ஒதுங்க வேறு இடமில்லை. பெரியம்மா என்னைப் பார்த்ததும் இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்து ஆவியை வெளியே விட்டார். அந்த ஆவிக்குள்ளிருந்து, "காலு எப்படி இருக்கு அவனுக்கு?" என்றார்.

சொன்னேன். கேட்டுக்கொண்டார். "எவ்வளவு சேந்துச்சு?" என்றார். அதையும் சொன்னேன், ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். இப்போது கண்டக்டர் அண்ணனின் கேள்வி வரப்போகிறது என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். வரவில்லை. கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து சிவப்பு அட்டை போட்ட ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். தேதி, தொகை, கையெழுத்து. பக்கம் பக்கமாக மாப்ளயின் கையெழுத்து. அவன் பள்ளியில் இருந்தே தன் பெயரின் கடைசி எழுத்தை வால் மாதிரி இழுப்பான். அந்த வால் ஒவ்வொரு வரியிலும் இருந்தது.

"இங்கன வரைக்கும் கம்பெனி ரசீது இருக்கு தம்பி. போலீசுல குடுத்துட்டேன். இதுக்குப் பெறகு மூணு மாசம் ரசீதே வரல. கேட்டா 'புக்கு வரல பெரியம்மா, நோட்டுல கையெழுத்துப் போட்டுத் தர்றேன்'ம்பான். போட்டான். நாப்பத்தோராயிரம் ரூவா. இதுக்கு அவன் ஒருத்தன்தான் சாட்சி. அவன் போய்ச் சேந்துட்டான்னா இந்தக் கோடு என்னன்னு யாரு சொல்லுவா?"

அதே மூன்று மாதம். நான் துருவிக் கேட்காமல் விட்ட மூன்று மாதம் இந்தச் சிவப்பு நோட்டில் நாள் கணக்காக, ரூபாய் கணக்காக இருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது. பெரியம்மா அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார்.

"பாவம் பாத்துக் குடுக்கலை. அவன் உசுரோட கோர்ட்டுக்கு வரணும். ஒரு ரசீது போட்டுக் குடு."

என்னிடம் ரசீதுப் புத்தகம் இல்லை. பார்சல் கணக்கு எழுதும் துண்டு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். 'இன்னாரின் கால் வைத்தியத்துக்காக ரூபாய் ஐந்நூறு பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, அந்தச் சிவப்பு நோட்டுக்குள்ளேயே மடித்து வைத்தார். அவன் கையெழுத்தும் என் கையெழுத்தும் ஒரே நோட்டில்.

அதுவரை இந்த விஷயத்தில் இரண்டு கட்சிதான் இருப்பதாக நினைத்திருந்தேன். ஒரு பக்கம் இரக்கப்படுகிற நாங்கள், மறுபக்கம் ஏமாந்தவர்கள். அவர்களிடம் பேச எனக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கியிருந்தேன். ஏமாந்தவர்களில் ஒருவர், அதுவும் என் கடிதத்தைப் படிக்காத ஒருவர், அவன் உயிரோடு இருக்க வேண்டியதற்கு என்னைவிட உறுதியான காரணம் வைத்திருந்தார். மன்னிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் மன்னிக்கவில்லை, இன்றைக்கும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வக்கீலிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். குற்றம் சாட்டப்பட்டவன் சாட்சிக் கூண்டில் ஏறி இவருக்காகச் சொல்ல வேண்டியதில்லை, கையெழுத்து அவனுடையதுதானா என்று பார்க்க நிபுணர்கள் இருக்கிறார்கள், அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோட்டு நோட்டுதான் என்றார். அதைப் பெரியம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஐந்நூறு ரூபாய் திரும்பிப் போய்விடும் என்பதற்காக இல்லை. ஆனால் வேறு எதற்காக என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பணம் செய்யாதது

அந்தப் பணம் என்ன செய்தது என்று கேட்டால் வெட்கமாக இருக்கும். முப்பத்தைந்தாயிரம் ஒரு வக்கீலுக்குப் போனது. மருத்துவ ஜாமீன் வாங்கித் தருகிறேன் என்றார், இரண்டு வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்பினார். பெரிய குற்றமாக இருந்தாலும் நோயாளி, உடல் தளர்ந்தவர் என்றால் ஜாமீன் தரலாம் என்று சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 437, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 480. ஆனால் தரலாம்தான், தர வேண்டும் இல்லை. சிறையிலிருந்து 'உரிய சிகிச்சை அளிக்கப்பட்டு வருகிறது' என்று ஒரு பக்க அறிக்கை வந்தது. மனு தள்ளுபடி.

வேலை நடந்தது காசு செலவில்லாத இடத்தில். காவலில் இருக்கும் யாருக்கும் இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்புகூடக் கிடையாது, 1987-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது என்று ஆசிரிய நண்பன்தான் சொன்னான். ஆமாம், என்னை மெதுவாகப் பேசி வெட்கப்பட வைத்த அதே ஆள். 15100 என்ற எண்ணைக் கொடுத்து, "கூப்பிடு. நான் காசு தர மாட்டேன், கூட வர்றேன்" என்றான். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு இளம் வக்கீல் அம்மாவை நியமித்தார்கள். அவர் ஜாமீன் என்று பேசவே இல்லை. கேட்டது இரண்டுதான். அந்த 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்று எழுதிய சீட்டின் தேதி, அதற்குப் பிறகு உண்மையில் டிரெஸ்ஸிங் நடந்த தேதிகள். மாப்ளயின் மனைவி ஒவ்வொரு மனு நாளிலும் அவன் சொன்னதைக் காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்தாள். "நீங்க அனுதாபத்தை எழுதியிருக்கீங்க, இவங்க தேதியை எழுதியிருக்காங்க" என்றார் அந்த அம்மா என்னைப் பார்த்து. இரண்டு தேதிகளையும் அருகருகே போட்டு, ஜாமீன் வேண்டாம், உள்நோயாளியாகச் சேர்த்துச் சிகிச்சை கொடுக்க உத்தரவிடுங்கள் என்று ஒன்றரைப் பக்க மனு. நீதிபதி அரசுத் தரப்பைப் பார்த்து, "நடுவில் பதினோரு நாள் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டாராம். அந்த வாரமே அரசு மருத்துவமனையில் கைதிகள் வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருந்தது தெரிந்தது. விரலை எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சை, மருந்து, படுக்கை எதற்கும் ஒரு பைசா வாங்கவில்லை. காவலர் ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தார், தன் சாப்பாட்டிலிருந்து ஒரு வடையை மாப்ளைக்குக் கொடுத்தாராம், சர்க்கரைக்காரனுக்கு எண்ணெய்ப் பலகாரம். ராத்திரிச் சோறு எட்டு மணிக்குக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுத்தார், சிறைக்குத் திரும்பிய பிறகு அவனுக்கு மட்டும் இரண்டு ரொட்டித் துண்டு லாக்கப்புக்குள் அனுமதித்தார்கள். சாயங்கால ஊசிக்கு மறுபடியும் போகத் தொடங்கினான்.

கணக்கில் எழுபத்து நான்காயிரம் மீதம் இருந்தது. ஜாமீன் டெபாசிட்டுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அவன் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். கொடுத்தவர்களிடம் கேட்டேன். பாதிப் பேர் சரி என்றார்கள், சிலர் பதிலே போடவில்லை, ஒருவர் மட்டும் அதை ஏமாந்தவர்களுக்குப் பிரித்துக் கொடு என்றார். ஆளுக்கு நூற்றுச் சொச்சம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்டக்டர் அண்ணனிடம் அந்த நூற்றுச் சொச்சத்தைக் கொண்டுபோய் நீட்டுவதை நினைத்துப் பார்த்தேன். பணம் இன்னும் கணக்கிலேயே இருக்கிறது.

அதிலிருந்து கடைசியாக எடுத்தது எம்.சி.ஆர். செருப்புக்கு. சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்யும் மெத்தென்ற அடிப்பாகம், விரல் போன இடத்துக்கு உள்ளே ஒரு திண்டு. உள்ளே அனுப்ப அனுமதி வாங்க மூன்று வாரம் ஆனது.

போன மாதம் வாய்தாவுக்குப் பெரியம்மாவும் வந்திருந்தார், கடையை மகளிடம் விட்டுவிட்டு, நோட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு. போலீஸ் வேன் வந்து நின்றது. ஒவ்வொருவராக இறக்கினார்கள். மாப்ள பக்கவாட்டில் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முதலில் வைத்து இறங்கினான். ஒரு வருடத்துக்கு மேல் மார்பு வரை மட்டுமே பார்த்துப் பழகியவனை அன்றுதான் முழு ஆளாகப் பார்த்தேன். இளைத்திருந்தான். பெரியம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் காலைத்தான் பார்த்தார். அவன் எங்களைக் கண்டு நின்றான், கும்பிடக் கையைத் தூக்கினான். காவலர் தோளைத் தொட்டதும் நடந்து போனான். லேசாகச் சாய்ந்த நடை, ஆனால் ஊன்றித்தான் நடந்தான்.

அவன் படியேறி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தச் செருப்பு எவ்வளவு?" என்றார் பெரியம்மா.

சொன்னேன்.

"ரசீது வாங்குனியா?"